26 அடி 10 அங்குலம்: கணினி வர்க்கமூலம் காணும் விதம்

ராமேசுவரத்துக்குப் பக்கத்தில், மண்டபம் என்ற ஊரில், எங்கள் வீட்டுத் திண்ணையில் மாலை நேரத்தில் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். போன மாதம் ஒன்பதாம் வகுப்புப் படிக்கும் பெண் ஒருத்தி கால்குலேட்டரில் 720 என்று அழுத்தி, வர்க்கமூலக் குறியைத் தட்டினாள். 26.83281573 என்று வந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அக்கா, எல்லா எண்ணுக்கும் விடையை முன்பே இதற்குள் எழுதி வைத்திருப்பார்களா?" என்று கேட்டாள். பக்கத்தில் இருந்த பையன், "இல்லை, ஒரு சூத்திரம் இருக்கும். அதில் போட்டால் நேராக விடை வந்துவிடும்" என்றான்.

இரண்டுமே சரியில்லை. ஆனால் இந்த இரண்டு பதில்களைத்தான் கல்லூரி முடித்தவர்களிடமிருந்தும் கேட்டிருக்கிறேன். இவற்றோடு மூன்றாவதாக ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் வருடத்துக்கு இரண்டு முறையாவது வந்து சேர்கிறது: நம் முன்னோர் வர்க்கமூலமே இல்லாமல் கர்ணத்தை, அதாவது செங்கோண முக்கோணத்தின் சாய்ந்த பக்கத்தை, கண்டுபிடித்துவிட்டார்கள், இத்தனை கஷ்டமும் தேவையே இல்லை என்று. அந்தச் செய்தியை நம்பி எங்கள் அண்ணன் ஒரு கம்பியை வெட்டி வீணாக்கினார். அதையும் சொல்கிறேன். முதலில் அடிப்படையிலிருந்து வருவோம்.

வர்க்கமூலம் என்றால் என்ன?

ஓர் எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் கிடைப்பது அதன் வர்க்கம். 5-இன் வர்க்கம் 25. அதைத் திருப்பிக் கேட்டால் வர்க்கமூலம்: எந்த எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் 25 வரும்? 5.

கேட்பதற்கு இது ஒரே கேள்வியைத் திருப்பிப் போட்டது போலத்தான் இருக்கிறது. செய்து பார்த்தால் இரண்டுக்கும் பெரிய வேறுபாடு. 26.83-ஐ அதே எண்ணால் பெருக்கச் சொன்னால் தாளும் பேனாவும் போதும். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகூடச் செய்துவிடும். 720 எந்த எண்ணின் வர்க்கம் என்று கேட்டால், பெருக்கலைப் போல அப்படியே பின்னோக்கி நடந்துபோக ஒரு பாதை இல்லை.

எங்கள் அண்ணன் கருவாட்டு வியாபாரம் செய்கிறார். நெத்திலி காயப்போட சிமெண்ட் தளம் ஒன்று போட நினைத்தார். கையில் இருந்த சிமெண்டும் ஜல்லியும் 720 சதுர அடிக்குப் போதும் என்று கொத்தனார் கணக்குச் சொன்னார். சதுரமாக இருந்தால் நாலு பக்கமும் நின்று புரட்டலாம் என்பது அண்ணனின் விருப்பம். அப்படியானால் ஒரு பக்கம் எத்தனை அடி? 26 அடி என்றால் 676 சதுர அடிதான் வரும். 27 என்றால் 729, சிமெண்ட் பற்றாது. விடை இரண்டுக்கும் நடுவில் எங்கோ இருக்கிறது. கால்குலேட்டரில் அந்தப் பெண் தட்டிய 720 இதுதான்.

இந்த விடை தசமப் புள்ளிக்குப் பிறகு முடிவே இல்லாமல் போகும். எந்த இடத்திலும் ஒரே தொகுப்பு திரும்பத் திரும்ப வருவதும் இல்லை. இப்படிப்பட்ட எண்ணை, அதாவது இரண்டு முழு எண்களின் பின்னமாக எழுதவே முடியாத எண்ணை, விகிதமுறா எண் என்பார்கள். 25, 36, 49 போன்ற முழு வர்க்கங்களை விட்டுவிட்டால் மற்ற எல்லா முழு எண்களின் வர்க்கமூலமும் இப்படித்தான். ஆகவே விடைகளை எழுதி வைத்த பட்டியல் என்ற பேச்சே எழாது. ஒரு விடையைக்கூட முழுதாக எழுதி முடிக்க முடியாது.

தராசுத் தட்டு வழி

தட்டுத் தராசில் மீன் நிறுப்பதைப் பார்த்திருப்பீர்கள். ஒரு தட்டில் மீன். மறு தட்டில் ஒரு படிக்கல்லை வைத்தால் கீழே இறங்குகிறது, கல் அதிகம். அதை எடுத்துவிட்டுச் சிறியதை வைத்தால் மேலே ஏறுகிறது, கல் போதாது. ஏறுவதையும் இறங்குவதையும் பார்த்தே எடையை நெருக்கிப் பிடித்துவிடுவார்கள். மீனின் எடை இன்னது என்று யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. ஆனால் வைத்த கல் கூடுதலா குறைவா என்பதைத் தராசு ஒவ்வொரு முறையும் சொல்லிவிடுகிறது.

வர்க்கமூலத்துக்கும் அப்படியொரு தராசு இருக்கிறது. பெருக்கல்தான் அது. ஓர் எண்ணை ஊகித்து, அதன் வர்க்கத்தைப் பார்த்தால் கூடுதலா குறைவா என்று தெரிந்துவிடும். 26-க்கும் 27-க்கும் நடு 26.5. அதன் வர்க்கம் 702.25, குறைவு. ஆகவே விடை 26.5-க்கு மேலே. 26.5-க்கும் 27-க்கும் நடு 26.75, வர்க்கம் ஏறத்தாழ 715.6, இன்னும் குறைவு. அடுத்து 26.875, வர்க்கம் 722.3, கூடுதல். விடை 26.75-க்கும் 26.875-க்கும் இடையில் சிக்கிவிட்டது. இன்னும் ஒரு முறை பாதியாக்கினால் விடை இருக்கும் இடைவெளி அடியில் பதினாறில் ஒரு பங்கு, அதாவது முக்கால் அங்குலம். இப்படி ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரண்டாகப் பிளந்து, விடை இல்லாத பாதியைத் தள்ளிவிடுவதை இருகூறிடல் முறை என்கிறோம்.

இந்த முறை ஒருபோதும் ஏமாற்றாது, ஆனால் மெதுவானது. ஒரு தசம இலக்கம் கூடுதலாகச் சரியாக வர மூன்று நான்கு முறை பிளக்க வேண்டும். பத்து இலக்கம் வேண்டுமென்றால் முப்பதுக்கும் மேல். இயந்திரம் சலிக்காமல் செய்யும் என்பது உண்மைதான். ஆனாலும் இதைவிட நல்ல வழி இருக்கும்போது அதைத்தானே தேட வேண்டும்.

நீள்சதுரத்தைச் சதுரமாக்கும் வழி

எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதைச் சொல்லத்தான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்தேன்.

சதுரத்தின் பக்கம் தெரியவில்லை. பரவாயில்லை, 720 சதுர அடியில் ஏதாவது ஒரு நீள்சதுரம் போடுவோம். ஒரு பக்கம் 20 அடி என்று வைத்தால், மறு பக்கம் 720-ஐ 20-ஆல் வகுக்க 36 அடி. பரப்பு சரியாக 720. ஆனால் ஒரு பக்கம் குட்டை, மறு பக்கம் நெட்டை. சதுரத்தின் பக்கம் இந்த இரண்டுக்கும் நடுவில்தான் இருந்தாக வேண்டும்: குட்டைப் பக்கத்தைவிடப் பெரியது, நெட்டைப் பக்கத்தைவிடச் சிறியது. அப்படியானால் இரண்டையும் கூட்டிப் பாதி எடுப்போம். 20-உம் 36-உம் 56; பாதி 28.

இப்போது 28-ஐ ஒரு பக்கமாக வைத்துப் புதிய நீள்சதுரம் போடுங்கள். மறு பக்கம் 720-ஐ 28-ஆல் வகுக்க 25.714. முதலில் 20, 36 என்று விலகி நின்றவை இப்போது 28, 25.7 என்று நெருங்கிவிட்டன. மறுபடி கூட்டிப் பாதி: 26.857. அதை வைத்து மறு பக்கம்: 26.8085. மறுபடி பாதி: 26.8328267.

நின்று பாருங்கள். உண்மையான விடை 26.8328157 என்று தொடங்குகிறது. மூன்றே முறை கூட்டிப் பாதி எடுத்ததில் வித்தியாசம் 0.000011 அடி. மில்லிமீட்டரில் முந்நூறில் ஒரு பங்கு. இன்னொரு முறை செய்தால் தசமப் புள்ளிக்குப் பிறகு பதினொரு இலக்கம் சரியாக வந்துவிடுகிறது. சரியான இலக்கங்களின் எண்ணிக்கை ஒவ்வொரு சுற்றிலும் ஏறத்தாழ இரட்டிப்பாகிறது. தராசுத் தட்டு வழியில் முப்பது சுற்று எடுத்ததை இங்கே நான்கு சுற்று முடித்துவிடுகிறது.

ஏன் இவ்வளவு வேகம்? நம் ஊகம் உண்மையைவிட நூற்றில் ஒரு பங்கு கூடுதலாக இருக்கிறது என்று வையுங்கள். பரப்பு மாறாததால், மறு பக்கம் ஏறத்தாழ நூற்றில் ஒரு பங்கு குறைவாக இருக்கும். ஒன்றின் மிகுதியும் மற்றொன்றின் குறையும் கூட்டலில் அடிபட்டுப் போகின்றன. மிச்சம் நிற்பது நூற்றில் ஒன்றின் நூற்றில் ஒன்று, அதிலும் பாதி: இருபதாயிரத்தில் ஒரு பங்கு. அடுத்த சுற்றில் அந்த இருபதாயிரமும் இப்படித்தான் பெருகும்.

இதுபோல ஒரு விடையை எடுத்து, அதையே மறுபடி உள்ளே கொடுத்து, இன்னும் நல்ல விடையை வாங்குவதை மறுசெயல் என்கிறோம். கணினிக்கு இது கைவந்த கலை. பையன் சொன்ன சூத்திரம் இருக்கத்தான் செய்கிறது. ஆனால் ஒரு முறை போட்டால் விடை தந்துவிடும் சூத்திரம் அல்ல. ஊகத்தைத் திருத்திக் கொடுக்கும் சூத்திரம்.

இது கணினியோடு பிறந்த வழியும் அல்ல. எகிப்தின் அலெக்சாந்திரியா நகரில் கி.பி. முதல் நூற்றாண்டில் வாழ்ந்த கணித அறிஞர் ஹெரோன் இதை எழுதி வைத்திருக்கிறார். அவர் எடுத்துக்கொண்ட எண்ணும் 720 என்பதைப் பின்னர்தான் பார்த்தேன்; அண்ணனின் சிமெண்ட் கணக்கு அப்படி அமைந்தது தற்செயல். ஹெரோன் 27-இல் தொடங்குகிறார். 720-ஐ 27-ஆல் வகுக்க இருபத்தாறே முக்காலுக்குச் சற்றுக் குறைவு, சரியாகச் சொன்னால் 26-உம் மூன்றில் இரண்டு பங்கும். கூட்டிப் பாதி எடுத்தால் 26-உம் ஆறில் ஐந்து பங்கும். அடியில் ஆறில் ஐந்து என்றால் 10 அங்குலம். கொத்தனாரின் டேப்பில் 26 அடி 10 அங்குலம். உண்மையான விடைக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் ஒரு நூலில் இருபதில் ஒரு பங்கு. எட்டு நூல் சேர்ந்தால் ஓர் அங்குலம் என்று தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு சிறியது என்பது புரியும். டேப்பில் இருக்கும் கோட்டின் தடிமனே அதைவிடப் பெரியது. ஒரே ஒரு வகுத்தல், ஒரே ஒரு கூட்டல், ஒரு பாதி. இவ்வளவுதான் செலவு.

நம் நாட்டுச் சுல்ப சூத்திரங்களில், அதாவது வேதிகை என்னும் வேள்வி மேடைக்கு அளவு சொல்லும் பழைய நூல்களில், 2-இன் வர்க்கமூலத்துக்கு ஒரு மதிப்பு சொல்லப்பட்டிருக்கிறது. அதைப் பின்னமாக்கினால் 577-இன் கீழ் 408. நீங்களே 2 சதுர அடி நிலத்தை எடுத்துக்கொண்டு, 1 அடியில் தொடங்கி இந்த வழியில் போய்ப் பாருங்கள். முதலில் 3-இன் கீழ் 2, அடுத்து 17-இன் கீழ் 12, மூன்றாவதாக வருவது அதே 577-இன் கீழ் 408. அவர்கள் இந்த வழியில்தான் போனார்கள் என்று இதை வைத்துச் சொல்லிவிட முடியாது. ஆனால் வேதிகை கட்டக் கயிறு பிடித்தவர்களின் எண் நம் திண்ணைக் கணக்கிலும் வந்து நிற்பதைப் பார்க்கும்போது எனக்கு மனம் நிறைகிறது.

இதுவரை வந்ததைச் சுருக்கிக்கொள்வோம். வர்க்கமூலத்தை நேராகக் கண்டுபிடிக்கும் பாதை இல்லை. ஊகிக்கிறோம், பெருக்கியோ வகுத்தோ சரிபார்க்கிறோம், திருத்துகிறோம். பாதியாகப் பிளந்து போனால் மெதுவாக நெருங்கலாம். நீள்சதுரத்தின் இரண்டு பக்கங்களைக் கூட்டிப் பாதி எடுத்தால் மிக வேகமாக நெருங்கலாம்.

முதல் ஊகம் எங்கிருந்து வருகிறது?

நாம் 26-க்கும் 27-க்கும் நடுவில் என்று கண்ணால் பார்த்துச் சொல்லிவிட்டோம். இயந்திரத்துக்குக் கண் இல்லை. எதற்கெடுத்தாலும் 1-இல் தொடங்கலாமே என்றால், தொடங்கலாம், வந்து சேரும். ஆனால் 720-க்கு 1-இல் தொடங்கினால் 360.5, 181.2, 92.6, 50.2, 32.3 என்று விடையின் பக்கத்தில் வருவதற்கே ஐந்து சுற்று வீணாகிறது. இலக்கம் இரட்டிப்பாகும் வேகம் விடையை நெருங்கிய பிறகுதான் பிடிக்கிறது.

பள்ளியில் வர்க்கமூலம் காணும்போது எண்ணை வலது ஓரத்திலிருந்து இரண்டிரண்டு இலக்கமாகப் பிரித்தது நினைவிருக்கிறதா? 720000 என்றால் 72, 00, 00 என்று மூன்று சோடி. ஆகவே விடையின் முழு எண் பகுதியில் மூன்று இலக்கம். எண்ணின் நீளத்தில் பாதிதான் விடையின் நீளம். முதல் ஊகத்தைக் கணினி எடுப்பது இந்தப் பள்ளிக்கூட அறிவை வைத்துத்தான்.

கணினி எண்களை எழுதி வைக்கும் முறையே இதற்கு வசதியாக இருக்கிறது. வலையில் கட்டிய மிதவை நீர் ஏறினால் ஏறி, இறங்கினால் இறங்கும் அல்லவா? அதுபோலத் தசமப் புள்ளியை ஓரிடத்தில் ஆணியடித்து வைக்காமல், இலக்கங்களைத் தனியாகவும் புள்ளி எங்கே நிற்கிறது என்பதைத் தனியாகவும் எழுதி வைப்பார்கள். இதற்கு மிதவைப்புள்ளி எண் என்று பெயர். நாம் பத்தின் அடுக்குகளில் எழுதுவதைக் கணினி இரண்டின் அடுக்குகளில் எழுதும். 720 என்பது 2.8125-ஐ 256-ஆல் பெருக்கியது. 256 என்பது 2-ஐ எட்டு முறை பெருக்கியது. அதன் வர்க்கமூலம் 2-ஐ நான்கு முறை பெருக்கிய 16. எட்டைப் பாதியாக்கி நான்கு, வேலை முடிந்தது. மிச்சம் 2.8125-இன் வர்க்கமூலம் மட்டும்தான். அது 1.677. அதைப் 16-ஆல் பெருக்கினால் 26.83.

எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும், எவ்வளவு சிறியதைக் கொடுத்தாலும், கடைசியில் 1-க்கும் 4-க்கும் இடைப்பட்ட ஓர் எண்ணின் வர்க்கமூலமாக வேலை சுருங்கிவிடுகிறது. அந்தக் குறுகிய இடத்துக்கு ஒரு சின்ன அட்டவணையை உள்ளே வைத்துக்கொள்ள முடியும்; பல செயலிகளில், அதாவது கணினிக்குள் கணக்குப் போடும் சில்லுகளில், வைத்திருக்கிறார்கள். ஆக, எங்கள் மாணவி கேட்ட "எழுதி வைத்த பட்டியல்" முழுக்கப் பொய்யும் இல்லை. பட்டியல் இருக்கலாம், அதில் இருப்பவை விடைகள் அல்ல, தொடக்க ஊகங்கள்.

எல்லாச் செயலிகளும் கூட்டிப் பாதி எடுக்கும் வழியில்தான் போகின்றன என்று நினைத்துவிட வேண்டாம். பள்ளியில் சொல்லித்தரும், ஒவ்வோர் இலக்கமாகக் கண்டுபிடித்துக் கழிக்கும் முறையைப் பின்பற்றுபவையும் உண்டு. கி.பி. 499-இல் ஆரியபட்டர் எழுதிய நூலிலேயே அப்படியொரு முறை இருக்கிறது. நமக்கு அதில் 0 முதல் 9 வரை எந்த இலக்கம் பொருந்தும் என்று தேட வேண்டியிருக்கிறது. கணினிக்கு இலக்கங்கள் 0, 1 என்ற இரண்டுதான். கழிக்க முடிந்தால் 1, முடியாவிட்டால் 0. தேடுதலே இல்லாமல் போகிறது. இன்றைய செயலிகள் பலவற்றில் இந்த மொத்த வேலையும் செயலியின் உள்கடிகாரம் ஏறத்தாழ இருபது முறை துடிப்பதற்குள் முடிந்துவிடும். ஒரு நொடிக்குச் சில நூறு கோடித் துடிப்புகள் உண்டு.

எங்கே நிறுத்துவது?

விடைக்கு முடிவில்லை என்றால் வேலைக்கும் முடிவில்லையா? கணினியில் ஓர் எண்ணுக்கு ஒதுக்கும் இடம் அளவானது. வழக்கமாக 64 பிட். பிட் என்பது ஒரு 0 அல்லது ஒரு 1 இருக்கும் இடம். அதில் இலக்கங்களுக்குக் கிடைப்பது 53 பிட். தசமக் கணக்கில் ஏறத்தாழ 16 இலக்கம். அதற்கு மேல் எழுத இடமில்லை. ஆகவே, அந்த இடத்துக்குள் அடங்கும் எண்களில் உண்மையான விடைக்கு மிக அருகில் இருப்பது எது என்று பார்த்து அதை எழுதிவிட்டு நிறுத்திவிடும்.

பைத்தான் என்ற நிரல்மொழியில் 2-இன் வர்க்கமூலம் கேட்டால் 1.4142135623730951 என்று சொல்லும். உண்மையான எண் 1.41421356237309504880 என்று போகிறது. கடைசி இலக்கத்தைப் பாருங்கள்: 5048 என்று போவதை 51 என்று முடித்திருக்கிறது. இப்போது அந்த விடையை அதே மொழியில் வர்க்கப்படுத்துங்கள். 2 வராது, 2.0000000000000004 வரும். 3-இன் வர்க்கமூலத்தை வர்க்கப்படுத்தினால் 2.9999999999999996. கணினி தப்புச் செய்துவிட்டது என்று பதறிப்போய்க் கேட்டவர்கள் உண்டு. தப்பு எதுவும் நடக்கவில்லை. திரையில் இருப்பது 2-இன் வர்க்கமூலம் அல்ல, அதற்கு மிக நெருங்கிய பக்கத்து எண். பக்கத்து எண்ணை வர்க்கப்படுத்தினால் 2-க்குப் பக்கத்து எண்தான் வரும்.

இதில் ஒழுங்கு இல்லாமல் இல்லை. 1985-இல் வந்த ஐ-டிரிபிள்-ஈ 754 என்ற விதிமுறை மிதவைப்புள்ளி எண்களைக் கையாளும் முறையை வகுத்தது. கூட்டல், கழித்தல், பெருக்கல், வகுத்தலோடு வர்க்கமூலத்தையும் சேர்த்து அது ஒரு கட்டளை போட்டது: முடிவில்லாத இலக்கங்கள் வரை துல்லியமாகக் கணக்கிட்டு, கடைசியில் ஒரே ஒரு முறை அருகில் இருக்கும் எண்ணுக்குத் தள்ளினால் என்ன வருமோ, அதுதான் வர வேண்டும். உள்ளே எந்த வழியில் போனாலும் சரி. அதனால்தான் இந்த விதியைப் பின்பற்றும் செயலி எதுவாக இருந்தாலும், உங்கள் கைபேசியில் இருந்தாலும் வானிலை கணிக்கும் பெரிய கணினியில் இருந்தாலும், 2-இன் வர்க்கமூலம் கடைசி பிட் வரை ஒன்றாக இருக்கும்.

நிரல் எழுதப் பழகுகிறவர்களுக்கு ஒரு சொல். வர்க்கமூலத்தை வர்க்கப்படுத்தி, அது பழைய எண்ணுக்குச் சமமா என்று சோதிக்காதீர்கள். வித்தியாசம் போதிய அளவு சிறியதா என்று சோதியுங்கள். பெரிய முழு எண்களில், குறிப்பாக 9,007,199,254,740,992-ஐத் தாண்டியவற்றில், மிதவைப்புள்ளி வர்க்கமூலத்தை நம்பி ஓர் எண் முழு வர்க்கமா என்று முடிவு செய்யாதீர்கள். முழு எண்களாகவே கணக்கிடும் வர்க்கமூலம் பைத்தானில் 2019-இல் வந்த 3.8 பதிப்பிலிருந்து தனியாக இருக்கிறது.

இந்தப் பகுதியில் மனதில் கொள்ள வேண்டியது ஒன்றுதான். விடை எவ்வளவு சரி என்று தெரிய வேண்டுமா? அதைத் திரும்பப் பெருக்கிப் பாருங்கள்.

எட்டில் ஏழும் இரண்டில் ஒன்றும்

இப்போது அண்ணனின் கம்பிக்கு வருகிறேன்.

செங்கோண முக்கோணத்தில் செங்கோணத்துக்கு எதிரே சாய்ந்து கிடக்கும் பக்கம் கர்ணம். மற்ற இரண்டு பக்கங்களின் வர்க்கங்களைக் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் அதன் நீளம் கிடைக்கும். கொத்தனார்கள் மூலை மட்டம் பார்க்க 3 அடி, 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று கயிறு பிடிப்பது இதனால்தான். கடலில் இதே கணக்கு ஓயாமல் நடக்கிறது. வடக்கே 7 கடல் மைல், கிழக்கே 9 கடல் மைல் தள்ளி இருக்கும் இடத்துக்கு நேர்த்தூரம் 49-உம் 81-உம் கூட்டி 130. அதன் வர்க்கமூலம் 11.4 கடல் மைல். தூரம் கணக்கிடும் எந்தக் கருவிக்கும் வர்க்கமூலம் இல்லாமல் பொழுது போகாது.

வாட்ஸ்அப்பில் சுற்றும் பழம்பாடல் ஒன்று வேறு வழி சொல்கிறது. நீளத்தை எட்டுக் கூறாக்கி ஒரு கூறைத் தள்ளிவிடு, மிச்சத்தோடு உயரத்தில் பாதியைச் சேர், அதுதான் கர்ணம். கூடவே இரண்டு எடுத்துக்காட்டுகள் வரும். 4-உம் 3-உம்: நாலில் எட்டில் ஏழு மூன்றரை, மூன்றில் பாதி ஒன்றரை, மொத்தம் 5. சரி! 12-உம் 5-உம்: பத்தரையும் இரண்டரையும் 13. சரி! வர்க்கமூலமே வேண்டாம் என்று செய்தி முடியும்.

அண்ணன் வாளைக் கருவாட்டைத் தொங்கவிட 24 அடி நீளத்தில் 6 அடி உயரத்தில் சவுக்குக் கம்புகளால் பரண் கட்டினார். கச்சான் காற்றில் ஆடாமல் இருக்க மூலைக்கு மூலை கம்பி இழுத்துக் கட்ட வேண்டும். பாடலின்படி கணக்குப் போட்டார். 24-இல் எட்டில் ஏழு 21. ஆறில் பாதி 3. மொத்தம் 24. முடிச்சுக்கு அரை அடி சேர்த்து வெட்டினார். கம்பி மறு மூலையைத் தொடவே இல்லை.

அந்த 24 என்ற விடையைப் பாருங்கள். பரணின் நீளமே 24 அடி. ஆறடி உயரம் ஏறிப் போகும் சாய்வுக் கம்பியும் 24 அடி என்றால் அது எப்படி முடியும்? உண்மையான நீளம் 576-உம் 36-உம் கூட்டி 612-இன் வர்க்கமூலம், 24.74 அடி. ஒன்பது அங்குலம் குறைந்துவிட்டது.

பாடலின் வழியையும் சரியான வழியையும் சமன்படுத்திப் பார்த்தேன். நீளம் உயரத்தைப் போல ஒன்றே மூன்றில் ஒரு மடங்காக இருந்தாலோ 2.4 மடங்காக இருந்தாலோ மட்டும்தான் இரண்டும் சரியாகப் பொருந்துகின்றன. முதலாவது 4, 3. இரண்டாவது 12, 5. செய்தியில் வரும் இரண்டு எடுத்துக்காட்டுகளும் அந்த இரண்டு விகிதங்கள்தான். 15, 8 என்று கொடுத்தால் 17-க்குப் பதில் 17.125 வரும். இரண்டு பக்கமும் சமமாக இருந்தால் நூற்றுக்கு மூன்று பங்கு போலக் குறையும். நீளம் மிகுதியாகி உயரம் குறையக் குறைய எட்டில் ஒரு பங்குவரை குறைந்துகொண்டே போகும்.

இதனால் பாடலைத் தூக்கி எறிய வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது ஒரு நல்ல தோராயம். மேலே சொன்ன 9, 7 கடல் மைலுக்குப் பாடலின்படி 11.375 வருகிறது, உண்மைக்கு மிக அருகில். நெட்டைப் பக்கத்தை நீளமாக எடுத்துக்கொண்டு, அது உயரத்தைப் போல இரண்டரை மடங்குக்குள் இருக்கும்போது மனக்கணக்காக இதைப் போடுவது கெட்டிக்காரத்தனம். இன்னொன்றும் உண்டு. படங்களில் உருவங்களின் விளிம்பைக் கண்டுபிடிக்கும் மின்சுற்றுகளில், ஒவ்வொரு புள்ளிக்கும் இப்படியொரு கர்ணக் கணக்கு வரும். லட்சக்கணக்கான புள்ளிகளுக்கும் வர்க்கமூலம் எடுக்க நேரம் போதாதபோது, பொறியாளர்கள் இதே எட்டில் ஏழையும் இரண்டில் ஒன்றையும் பயன்படுத்துகிறார்கள். இரண்டின் அடுக்குகளில் எண்ணை வைத்திருக்கும் இயந்திரத்துக்கு எட்டால் வகுப்பதும் இரண்டால் வகுப்பதும் இலக்கங்களை நகர்த்தும் வேலைதான். ஆனால் அவர்கள் கூடவே ஒரு காவல் போடுகிறார்கள்: விடை நெட்டைப் பக்கத்தைவிடக் குறைவாக வந்தால், நெட்டைப் பக்கத்தையே விடையாக எடுத்துக்கொள். அந்தக் காவலோடு சேர்த்தால் பிழை ஒருபோதும் நூற்றுக்கு மூன்றைத் தாண்டாது. அந்த மூன்றும் வருவது நீளம் உயரத்தைப் போல நான்கு மடங்காக இருக்கும்போது. அண்ணனின் பரண் அதே நான்கு மடங்கு. இருப்பதிலேயே மோசமான இடத்தில் போய் மாட்டிக்கொண்டது.

தோராயம் என்று சொல்லிக் கொடுத்திருந்தால் அந்தக் கம்பி வீணாகியிருக்காது. பிழை எவ்வளவு, எந்த இடத்தில் கூடும் என்று சொல்லாமல், சரியாக வரும் இரண்டு எடுத்துக்காட்டுகளை மட்டும் காட்டிப் பெருமை பேசும் செய்தியின் மேல்தான் எனக்குக் கோபம்.

கனமூலத்துக்கும் இதே வழி

ஓர் எண்ணை மூன்று முறை எழுதிப் பெருக்கினால் வருவது கனம். திருப்பிக் கேட்டால் கனமூலம். நீள்சதுரத்துக்குப் பதில் ஐஸ் பெட்டியை நினையுங்கள். 30 கன அடி கொள்ள வேண்டும், எல்லாப் பக்கமும் சமமாக இருக்க வேண்டும். நீளமும் அகலமும் 3 அடி என்று ஊகித்தால் அடிப்பகுதி 9 சதுர அடி. உயரம் 30-ஐ 9-ஆல் வகுக்க 3.333. மூன்றையும் கூட்டி மூன்றால் வகுத்தால் 3.111. மறுபடி ஒரு முறை: 3.10724. உண்மையான விடை 3.10723. நான்காம் மூலம், ஐந்தாம் மூலம் எல்லாவற்றுக்கும் இப்படியே போகலாம். பதினேழாம் நூற்றாண்டில் நியூட்டன் கொடுத்த பொதுவான முறையின் கீழ் இவை எல்லாம் வந்துவிடுகின்றன.

பரணுக்குப் போன மாலை

அண்ணன் மறுபடி கம்பி வெட்டுவதற்கு முன் என்னைக் கூப்பிட்டார். கைபேசியை எடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஒரு சவுக்குக் கம்பின் மேல் கரித்துண்டால் எழுதிக் காட்டினேன். 612. சுமார் எவ்வளவு இருக்கும் என்று கேட்டேன். "25 இருக்கலாம்" என்றார். 612-ஐ 25-ஆல் வகுக்கச் சொன்னேன். 24.48 வந்தது. இரண்டையும் கூட்டிப் பாதி எடுத்தார். 24.74.

"இதோடு நிறுத்தலாமா?" என்று கேட்டார்.

"பெருக்கிப் பாருங்கள், அண்ணா."

24.74-ஐ அதே எண்ணால் பெருக்கினார். கரி அழிந்து அழிந்து இரண்டு முறை எழுத வேண்டியிருந்தது. 612.0676 வந்தது. 612-க்கு மேலே ஒரு துளி. டேப்பை எடுத்து 24 அடி 8 அங்குலம் 7 நூலில் நகத்தால் குறித்தார். இரண்டு முனைக்கும் முடிச்சுக்கு அரை அரை அடி விட்டு வெட்டினார். கம்பி இந்த மூலையிலிருந்து அந்த மூலைக்கு இறுக நின்றது.